சேகரின் குரலுக்கு ஒரு கணினி

மே 2, வெள்ளி

காலை ஏழுக்கே அனல். ஒரு கேள்வி, எனக்குப் பதில் தெரியாது: நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களில் சேகர் பேசுவது யாருக்குப் புரியும்?

நேற்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். 22 அட்மிஷன், சென்னையில். மறுநாள் கர்ப்பப்பை எடுக்கிறார்கள். "சாதாரண ஆபரேஷன்தாம்மா. வீட்ல பாத்துக்க ஆள் இருக்குதா?" என்னைப் பார்த்துக்கொள்ள என்று கேட்டிருக்கிறார். நான் தம்பி சேகரை நினைத்து "இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

இருப்பது மேரி. அவனைப் பார்த்துக்கொள்ளவும் சமையலுக்கும் முசரவாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள், ஆறு மாதமாக. அந்த நாட்களில் இங்கேயே தங்கச் சம்மதித்திருக்கிறாள். அவளுக்கு எழுதி வைக்க வேண்டியவை:

— மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்றரை.
— தூக்கும்போது இடது அக்குளில் கை கொடுக்க வேண்டும்.
— அவனுக்கு அறிவில் குறை இல்லை. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கையும் காலும் நாக்கும்தான் சொன்னபடி கேட்காது. நாற்பத்து நாலு வயது ஆள். குழந்தையைக் கொஞ்சுவது போல் பேசக் கூடாது.
— அவன் சொல்வது புரியாவிட்டால்

கடைசி வரியை முடிக்க முடியவில்லை. புரியாவிட்டால் என்னைக் கேட்பதுதான் இதுவரை வழக்கம்.

மே 3, சனி

போனில் பேசினால் எழுத்தாகும் வசதியை மறுபடி சோதித்தேன். சேகர் சொன்னது: "ஜன்னலத் தொற." போன் எழுதியது: "அண்ணன் அரசு." மூன்று முறையும் அதே. மூன்றாம் முறை சேகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தேன்.

நான் பாடம் நடத்துவது புள்ளியியல். கல்லூரியில் ஏஐ என்று கருத்தரங்கு வைத்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறவள். இப்போது நானே அதைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாயம் ஒன்றும் இல்லை. தமிழ்ப் பேச்சைக் கேட்டுப் பழகிய மாடல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சேகரின் குரலை நிறையப் பதிந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது என்ன என்று நான் எழுதிக் கொடுத்தால், அவன் உச்சரிப்புக்கும் பழகும். பழகலாம். படித்த கட்டுரைகளில் எல்லாமே பழகிவிடுகின்றன. பழகாதவர்கள் கட்டுரை எழுதுவதில்லை.

வெளியூரில் எங்கோ ஓடும் கணினியை வாடகைக்கு எடுத்தால் மலிவு. சேகரிடம் கேட்டேன். முடியாது என்றான். அவன் குரல் வீட்டை விட்டுப் போகக் கூடாதாம். நியாயம்தான். போன வருஷம் சித்தி மகன் இவன் பேசுவதைப் படம் எடுத்து உறவினர் குரூப்பில் போட்டான். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அன்றிலிருந்து எதிரில் யாராவது போனைத் தூக்கினால் வாயை மூடிக்கொள்கிறான்.

ஆக, வீட்டுக்குள்ளேயே ஒரு கணினி. பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தால்தான் கட்டுப்படியாகும். வீட்டுக்கு வெள்ளையடிக்க எடுத்து வைத்த பணம் இருக்கிறது. சுவர் இன்னொரு வருஷம் பொறுக்கட்டும்.

மே 5, திங்கள்

காந்தி ரோடில் இரண்டு பட்டுக்கடைகளுக்கு நடுவே ஒரு மாடிப்படி. மேலே டில்லி என்பவனின் கம்ப்யூட்டர் கடை. ஏறுவதற்குள் இடுப்பு விட்டுப் போயிற்று.

"வாங்க மேடம். கேமிங்கா, எடிட்டிங்கா?"

"ரெண்டும் இல்ல."

"அப்ப பிட்காயினு எடுக்கவா? அதெல்லாம் போச்சு மேடம். எங்க மச்சான் ஒருத்தன் இன்னும் கரண்ட் பில்லு கட்டிக்கினு இருக்கான்."

விஷயத்தைச் சொன்னேன். "தம்பிக்கா?" என்றான். கொஞ்ச நேரம் கிண்டல் இல்லை. பிறகு கண்ணாடிக் கேபினட் ஒன்றை எடுத்து வைத்தான். உள்ளே ஏழு வண்ணத்தில் விளக்கு.

"வெளக்கு வேணாம்."

"வெளக்கு இல்லன்னா ஜரிக இல்லாத முகூர்த்தப் பொடவ மாதிரி இருக்கும் மேடம்."

"ஜரிகை இல்லாமயே குடுங்க."

முடிவானவை:

கிராபிக்ஸ் கார்டு — எல்லாம் இதில்தான். புதியது எட்டு ஜிபி, அல்லது யாரோ ஓட்டிய பழைய பன்னிரண்டு ஜிபி. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. எட்டில் குட்டி மாடல் ஏறும். பன்னிரண்டில் அடுத்த அளவைக் கொஞ்சம் மடக்கி ஏற்றலாம். மெதுவாக ஓடினால் காத்திருக்கலாம். இடம் பத்தாவிட்டால் ஓடவே ஓடாது. பழையதே.
பிராசஸர் — நடுத்தரம். டில்லிக்கு மனத்தாங்கல்.
ராம் — 32.
எஸ்எஸ்டி — பாதி டிபி போதும்.
பவர் சப்ளை — இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. நானும் டில்லியும் ஒத்துப்போன ஒரே இடம்.
கேபினட் — தகரம். காற்றோட்டம் போதும்.
யுபிஎஸ் — அடித்துவிட்டேன். அந்தக் காசு கார்டுக்கு.

"யுபிஎஸ் வேணாமா? நடுவுல கரண்ட்டு புட்டுக்கினா?"

"எங்க தெருவுல கரண்ட் போறதில்ல."

"ஒங்க தெரு மட்டும் இன்னா மந்திரி தெருவா?"

வீடு திரும்பிச் சாப்பாடு. மேரி வைத்த சாம்பாரில் உப்பு இல்லை. சேகர் ஏதோ சொன்னான். மேரி, "இன்னா சொல்றாரு டீச்சர்?" "நல்லா இருக்குதாம்."

மே 7, புதன்

ரயிலில் சென்னை. பழைய கார்டுக்காக ரிச்சி தெரு. ரத்தப்போக்கு, மாத்திரை போட்டும். கறுப்புப் புடவை கட்டிப் போனது நல்லதாயிற்று.

கடைக்காரர்: "எந்த ஊரு மேடம்?"

"காஞ்சிபுரம்."

"அட. பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். தறி வெலைக்கு ரெண்டு பொடவ பேசி முடிங்க, கார்டுல கொறச்சிக்கிறேன்."

தறிக்காரர் யாரையும் தெரியாது என்றேன். பொய். பக்கத்து வீடே தறி வீடு. ஆனால் இந்தப் பேரத்தில் இறங்கினால் முகூர்த்தம் வரைக்கும் நான் அலைய வேண்டும்.

கார்டை முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொன்னேன். "யாரும் இப்படிக் கேட்டதில்ல மேடம்." "நான் கேக்கறேன்." ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். உட்கார ஒரு காரணம் வேண்டியிருந்தது என்பதும் உண்மை. முதல் கார்டு கொஞ்ச நேரத்தில் திரையில் புள்ளி புள்ளியாகத் துப்பியது. அவர் அதைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். அது நின்று ஓடியது. டீ வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் கார்டு மடியில். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, "கொழந்தைக்கு பொம்மையாம்மா?" ஆமாம் என்றேன். விளக்கத் தெம்பில்லை.

மே 9, வெள்ளி

டில்லி கூடத்தில் பாயை விரித்து எல்லாவற்றையும் பூட்டினான். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் ஆன் பண்ணிவிட வேண்டும் என்று ஒரே பரபரப்பு. கேபினட் நெற்றியில் சந்தனம், குங்குமம். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று தேடி, பவர் சப்ளை மேல் வைத்தான். எடுத்துக் கீழே வைத்தேன்.

மேரிக்குச் சிரிப்பு. "எங்க பாஸ்டர கூப்புட்டா ஜெபமும் பண்ணிடுவாரு டீச்சர்."

சேகர் சக்கர நாற்காலியிலிருந்து சொன்னது: "இவன் வாய மூடுனா மிஷினு தானா ஓடும்."

டில்லி: "இன்னா மேடம் சொல்றாரு?"

"தேங்ஸ் சொல்றான்."

டில்லி சேகரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். சேகர் என்னைப் பார்த்தான்.

ஓடுகிறது. சத்தம் மாவு மெஷின் மாதிரி.

மே 10, சனி

பதிவு. மின்விசிறி போட்டால் இரைச்சல், போடாவிட்டால் இரண்டு பேருக்கும் வேர்வை. பக்கத்து வீட்டுத் தறி வேறு. சோதனைக்காக மாடலிடம் தறிச் சத்தத்தை மட்டும் கொடுத்தேன். "சரி சரி சரி சரி" என்று பக்கம் முழுவதும் எழுதியது. தறிக்காரர் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் வேலை நடந்தது.

வாக்கியங்கள் நான் எழுதி வைத்திருந்தேன். தண்ணீர் வேண்டும். கால் வலிக்கிறது. விசிறியைப் போடு. திரும்பிப் படுக்க வேண்டும். மூன்று சொன்னான், நிறுத்திவிட்டான்.

"இதுக்கெல்லாம் கையக் காட்டுனா போதும். இதுக்கா இவ்ளோ பெரிய மிஷினு?"

"பின்ன என்ன சொல்லப் போற?"

"நான் பேசறேன். நீ எழுது."

பேசினான். கிரிக்கெட், சித்தி மகன், மேரியின் சீரியல், எதிர்வீட்டுக்காரர் வண்டி நிறுத்தும் லட்சணம். இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தொண்டை கட்டும் வரை பேசினான்.

மே 12, திங்கள்

இன்றும் பதிவு, இன்றும் வேர்வை. மதியத்துக்கு மேல் எழுதுவது. ஒரு வாக்கியம் ஒலிக்கும், நான் எழுத்தடித்துத் திரையில் காட்டுவேன், சேகர் சரி பார்ப்பான். அதற்காக டில்லி இரண்டு பெரிய பொத்தான்கள் வைத்துக் கொடுத்திருக்கிறான், இடது கைக்கு எட்டும்படி. பச்சை சரி, சிவப்பு தப்பு. அழகாக ஓடும் என்று நினைத்தேன்.

சிவப்பு. சிவப்பு. பச்சை. சிவப்பு.

அவன் சொன்னது: "மாட்டத் தள்ற மாதிரி தள்ளாத மேரி." நான் அடித்தது: "மேரி, கொஞ்சம் மெதுவா." சிவப்பு.

அவன் சொன்னது: "சித்தி மகன் ஒரு பொறுக்கி." நான் அடித்தது: "சித்தி மகன் செய்தது சரியில்லை." சிவப்பு.

இதில் வினோதம், எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகப் புரிந்தது. புரிந்தபின் கை வேறொன்றை அடித்தது. வேண்டுமென்று செய்யவில்லை. வங்கியில், டாக்டரிடம், கல்யாண வீட்டில், இத்தனை வருஷமாக வாய் செய்த வேலை; கைக்கும் வந்துவிட்டிருக்கிறது. வகுப்பில் தரவைத் திருத்தாதே, திருத்தினால் கணக்கு உன் ஆசையைத்தான் சொல்லும் என்று பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான்.

கடைசியாக ஒரு வாக்கியம். நேற்று, நான் மைக்கை அணைக்கப் போகும்போது சொன்னது. "நீ செத்துட்டா என்ன எங்க விடுவ?"

நான் அடித்தது: "போயிட்டு சீக்கிரம் வா."

சிவப்பு. கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான். கணினியை நிறுத்திவிட்டுக் காய் நறுக்கப் போனேன்.

மே 14, புதன்

எல்லாவற்றையும் முதலிலிருந்து. அவன் சொன்னது சொன்னபடி, வசவோடு. முதுகு ஒடிகிறது. தலைசுற்றல், ரத்தம் குறைவு என்று மாத்திரை சேர்த்திருக்கிறார் டாக்டர். மாத்திரைக்கு வயிறு ஒத்துழைக்கவில்லை.

பச்சை, பச்சை, பச்சை. மேரி எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், எக்ஸாம்ல பாஸா?"

அந்த வாக்கியத்தையும் அடித்தேன். நீ செத்துட்டா என்ன எங்க விடுவ. பச்சை. கேள்வியைச் சரியாக எழுதியாயிற்று. பதில் நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அடுத்த வாக்கியம் எதிர்வீட்டு வண்டி.

மே 16, வெள்ளி

மாடலின் பயிற்சியைச் சின்ன அளவில் ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு ஜிபியில் நூல் இழை இடம்தான் மிச்சம். ஆனால் ஏறுகிறது. எட்டு வாங்கியிருந்தால் இந்நேரம் அழுதுகொண்டிருப்பேன். இந்த மாதத்தில் உருப்படியாக எடுத்த ஒரே முடிவு.

நாளை வைகாசித் தேர். மேளமும் வெடியுமாக இருக்கும், பதிவு நடக்காது. மேரிக்கும் லீவு, பஸ்ஸெல்லாம் திருப்பி விடுவார்கள். ஆக நாளை விடிந்ததும் முழுப் பயிற்சியை ஓட விட்டால் மாலைக்குள் முடியும். நல்ல திட்டம்.

சாப்பாட்டின்போது சேகர், "நாளைக்குத் தேரு..."

"கூட்டிட்டுப் போறேன். மூலை வரைக்கும்தான், கூட்டத்துக்குள்ள முடியாது."

"இல்லக்கா, தேரு வந்தா..."

"கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்ல."

சேகர் மீதியைச் சாப்பிட்டான்.

மே 17, சனி

விடிந்ததும் ஓட்டினேன். சீராகப் போயிற்று. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ராஜ வீதி மூலைக்குப் போனோம். மோர்ப் பந்தல், வெயில், ஜனம். மோர் கொடுத்தவர் சேகருக்கு மட்டும் தம்ளரை வாயில் வைத்துவிட வந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

தேர் திரும்பி வருகிறது. எல்லோரும் கும்பத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்த்தது கம்பத்தின் மேல் லைன்மேன். குறுக்கே போகும் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். தேர் போகும் தெருவிலும், எங்கள் தெரு மாதிரி அதை ஒட்டிய தெருக்களிலும், தேர் போய் முடியும் வரை கரண்ட் கிடையாது. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். நான் இந்த ஊரில் பிறந்தவள்.

கை நாற்காலியிலேயே நின்றுவிட்டது. சேகர் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"அதத்தான் நேத்து சொல்ல வந்தேன்."

வீடு. இருட்டு, புழுக்கம். எப்போதோ வாங்கிப் போட்ட இன்வெர்ட்டரில் ஒரு விசிறி மட்டும் சுற்றியது. கணினி பிணம் மாதிரி. சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. பயிற்சி பாதிக்குப் பாதி போயிற்று; முதல் பாதியைச் சேமித்திருந்தது அதிர்ஷ்டம், புத்திசாலித்தனம் இல்லை. டில்லிக்குப் போன் செய்தேன். "தேரா? ஐய மேடம்!" என்று அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். கார்டு கெட்டிருக்காது, கரண்ட் வந்ததும் சும்மா போடுங்க என்றான்.

மதியத்துக்கு மேல் கரண்ட். கார்டு பிழைத்திருக்கிறது. விட்ட இடத்திலிருந்து ஓட்டி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடிந்தது. சோதிக்கத் தெம்பில்லை. தரையில் படுத்துக்கொண்டு சேகரிடம் கேட்டேன், இப்போதே பார்க்கலாமா என்று.

"வேணாம். நாளைக்கு மேரிகிட்ட நானே பேசறேன். நீ உள்ள இரு."

"தப்புத் தப்பா வரும்."

"வரட்டும். நீ சொல்லித் தராத."

மே 18, ஞாயிறு

நடந்தது.

மேரி ஜெபம் முடித்துப் பதினொன்றுக்கு வந்தாள். திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் சமையலறைக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை.

சேகர் பேசினான். சற்றுப் பொறுத்து மேரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மேரி... ஒக்காரு. ஐயோ, ஒக்காந்துகினுதானே இருக்கேன்!" என்று கத்தினாள்.

அடுத்தது: "கோயில்... கடலை. கோயில் கடலையா? வாங்கியாரணுமா அண்ணா?" அவன் வாக்கியத்தில் கோயிலும் இல்லை, கடலையும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். மறுபடி சொன்னான். மறுபடி கடலை. மூன்றாம் முறை, சொல்லை மாற்றி, நிறுத்தி நிறுத்தி.

"சாம்பார்ல... உப்பு இல்ல." மேரி படித்துவிட்டு, "இன்னிக்கு இன்னும் வெக்கவே இல்லயேபா" என்றாள்.

"என்னிக்குமே இல்ல."

மேரி அதை இரண்டு தரம் படித்தாள்.

"ஆறு மாசமா நல்லா இருக்குதுன்னு டீச்சர்தானே சொல்லிக்கினு வந்தாங்க?"

"அது அக்கா சொல்றது."

மேரி சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும். நான் வெண்டைக்காய் நறுக்கினேன்.

பிறகு அவன் கேட்டது எனக்கு முதல் தடவையே கேட்டது. திரையில் வருவதற்குள் போய் ஏதாவது சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். கத்தி கையிலேயே இருந்தது. போகவில்லை.

மேரி: "அக்கா... செத்துட்டா... நீ..." குரல் இறங்கிவிட்டது. மீதியை வாய்க்குள் படித்தாள். அக்கா செத்துட்டா நீ இருப்பியா.

"த பாரு அண்ணா. டீச்சருக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா எப்பவும் இருப்பேன்னு ஒங்கிட்ட நான் சொல்ல முடியாதுபா. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது. அவங்க ஆஸ்பத்திரில இருக்கிற வரைக்கும் இருப்பேன். அவங்க வந்து எழுந்து நடக்கிற வரைக்கும் இருப்பேன். அதுக்கு மேல கேட்டின்னா, அப்ப கேளு, அப்ப சொல்றேன்."

பொத்தான் அழுந்தும் சத்தம் கேட்டது. எந்தப் பொத்தான் என்று இங்கிருந்து தெரியவில்லை. மேரி, "ம், சரி, வெண்டைக்கா வதங்கட்டும்" என்று எழுந்து வந்தாள். என்னிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டாள்.

மதியம் சாம்பாரில் உப்பு அதிகம். சேகர் சொன்னான். இந்தத் தடவை நான் மாற்றிச் சொல்லவில்லை.